ஓரமாகப் பார்த்த கிலூப்

"டீச்சர், எண்ணிக்கையில ஒரு தப்பும் இல்ல. ஆனா இது என்னைப் பார்க்க மாட்டேங்குது."

அறவாழி பொம்மையை மேசைமேல் வைத்தார்.

பச்சை நூலில் பின்னிய பொம்மை. ஒரு சாண் உயரம். மூன்று கால்கள். உச்சியில் ஒரு கொம்பு. வயிற்றில் ஒரு பை.

பெயர் கிலூப். வேறு கிரகத்துப் பிராணி. அதன் கப்பல் பூமியில் விழுந்து நொறுங்கிவிட்டது. துண்டுகளைத் தேடிப் பொறுக்கிப் பையில் போட்டுக்கொண்டு அலைகிறது. குழந்தைகள் டேப்லெட்டில் ஆடும் ஒரு விளையாட்டில் வருவது. அறவாழி அதைப் படத்தில்தான் பார்த்திருந்தார்.

கிலூப்பின் முன்காலும் பையும் அறவாழியை நோக்கி இருந்தன. கண்கள் இரண்டும் ஜன்னலை நோக்கி இருந்தன.

பிலோமி டீச்சர் பொம்மையைப் பார்த்தார்.

அவர் நூல் கடை வைத்திருந்தார். மத்தியான வேளையில் கடையின் பின்னறையில் கொக்கி ஊசிப் பின்னல் சொல்லித் தருவார். அறவாழியைவிட நான்கு வயது இளையவர். குறைவாகப் பேசுவார். பாதிப் பதிலை ஊசியாலேயே சொல்லிவிடுவார்.

அறவாழி தராசு பழுது பார்ப்பவர். அந்த அறையில் பின்ன வந்த ஒரே ஆண்.

"கண்ணை எங்க வச்சீங்க சார்?"

"பன்னிரண்டாம் சுற்றுல. ஊக்கிலேருந்து எண்ணி பதினாலாம் கண்ணியில ஒண்ணு, இருபத்திரண்டுல இன்னொண்ணு. நடு பதினெட்டு."

"முன்காலு?"

"முப்பதாம் சுற்றுல. அதே ஊக்கு. அதே பதினெட்டு."

"அப்போ சரிதான்."

"சரின்னா ஏன் டீச்சர் இப்படி இருக்கு?"

டீச்சர் பின்னிக்கொண்டிருந்தார்.

இந்தப் பின்னல் திருகுபோல் சுற்றிச் சுற்றிப் போவது. சுற்று எங்கே தொடங்கிற்று என்று தெரிய ஒரு ஊக்கை மாட்டிவைப்பார்கள். ஆனால் ஒரு கண்ணி, அதாவது ஒரு நூல் வளையம், இன்னொரு கண்ணியின்மேல் நேராக உட்காருவதில்லை. துளி ஓரமாகச் சாய்ந்தே உட்காரும். ஒரு சுற்றில் அது தெரியாது. பதினெட்டுச் சுற்று போனால், ஊக்கு பொம்மையின் விலாப்பக்கம் வந்திருக்கும்.

டீச்சர் இதை முதல் நாளே சொல்லியிருந்தார்.

"ஊக்கை நம்பாதீங்க சார். கையில தூக்கிப் பிடிச்சுப் பாருங்க."

அறவாழி தூக்கிப் பிடிக்கவில்லை. எண்ணினார். தராசு ஒரு கிராம் தவறினாலும் கடைக்காரன் சண்டைக்கு வருவான். கண்ணை நம்பி அவர் எந்தத் தராசையும் திருப்பிக் கொடுத்ததில்லை.

இது மூன்றாவது கிலூப். முதல் இரண்டும் இதே ஜன்னலைத்தான் பார்த்தன.

பொம்மைக் கண்ணுக்குப் பின்னால் ஒரு பூட்டு வளையம் உண்டு. அழுத்தினால் டக்கென்று மாட்டிக்கொள்ளும். பிறகு வராது. முகத்தை வெட்டித்தான் எடுக்க வேண்டும். இரண்டு முறை வெட்டியிருந்தார். காலும் பையும் தைத்து ஒட்டியவை அல்ல, உடம்பிலிருந்தே பிரித்துப் பின்னியவை. அவற்றையும் நகர்த்த முடியாது.

எதிரில் ஷம்ஷாத் உட்கார்ந்திருந்தாள். தங்கை பிள்ளைக்குக் குல்லாய் பின்னிக்கொண்டிருந்தாள்.

"அண்ணே, அது உங்களப் பார்க்காததுல என்ன ஆச்சரியம்? ரெண்டு வாட்டி கழுத்த அறுத்திருக்கீங்க. நானா இருந்தாலும் மூஞ்சியத் திருப்பிக்குவேன்."

"விளையாடாதீங்க ஷம்ஷாத். நாளான்னைக்கு சனிக்கிழமை."

ஷம்ஷாத் வாயை மூடிக்கொண்டாள்.

சனிக்கிழமை என்றால் என்னவென்று அந்த அறையில் எல்லோருக்கும் தெரியும்.

அறவாழிக்கு ஒரு மகள். நிறைமதி. ஒன்பது வயது. அம்மாவோடு இருக்கிறாள். சனிக்கிழமை தோறும் ஒரு மணி நேரம், நீதிமன்றத்தின் குழந்தைகள் அறையில் அவர் அவளைப் பார்க்கலாம். இப்படி நான்கு மாதம் ஆகிவிட்டது. வருகிற திங்கட்கிழமை நீதிபதி அவளைத் தனியாகக் கூப்பிட்டுக் கேட்பார்: அப்பாவைப் பார்க்க இனியும் வருகிறாயா?

அவள் சொல்வதுதான் முடிவு.

"போன வாரம் எப்படி இருந்துச்சு சார்?" என்றார் டீச்சர்.

"எப்பவும் போலத்தான். மேசைக்கு இந்தப் பக்கம் நான், அந்தப் பக்கம் அவ. நாற்காலியச் சுவர்ப் பக்கம் திருப்பிப் போட்டுக்கிட்டு டேப்லெட்ட எடுத்துக்குவா. பின்னந்தலைதான் எனக்குத் தெரியும்."

"நீங்க என்ன பண்ணீங்க?"

"சாப்பிட்டியான்னு கேட்டேன். எந்தப் பாடம் கஷ்டம்னு கேட்டேன். எத்தனை மார்க்குன்னு கேட்டேன். என் பக்கம் திரும்புடான்னு சொன்னேன்."

"அவ பேசினாளா?"

"பேசினா டீச்சர். பதினோரு வார்த்தை."

"என்ன சொன்னா?"

அறவாழி வாயைத் திறந்தார். மூடினார்.

"பதினோரு வார்த்தை டீச்சர். அதுக்கு முந்தின வாரம் நாலுதான்."

"சரி. என்ன சொன்னா?"

"வழக்கம்போல கிலூப்பைப் பத்தி ஏதோ சொன்னா."

டீச்சரின் ஊசி ஒரு கணம் நின்றது. பிறகு ஓடியது.

ஷம்ஷாத் குனிந்து குல்லாயைப் பார்த்தாள். குல்லாயில் பார்க்க ஒன்றுமில்லை.

"அதனாலதான் டீச்சர் இந்தப் பொம்மை. இத அவ முன்னால வச்சா திரும்பிப் பார்ப்பா. நேராப் பார்க்கிற பொம்மையா இருக்கணும். இது அவளுக்கே பாடம் எடுத்திரும் போல. இப்படித் திரும்பிக்கோன்னு."

அவர் கத்தரிக்கோலை எடுத்தார்.

"ராத்திரி உட்கார்ந்தா நாளைக்குள்ள நாலாவது முடிச்சிருவேன்."

டீச்சர் கையை நீட்டினார். கத்தரிக்கோலை வாங்கினார். தன் மடியில் போட்டுக்கொண்டார்.

"டீச்சர்?"

டீச்சர் எழுந்தார். தான் உட்கார்ந்திருந்த முக்காலியைத் தூக்கினார். நூல் மூட்டைகளைத் தாண்டி, பழைய அலமாரிக்கும் ஜன்னலுக்கும் நடுவில் இருந்த இடுக்கில் அதைப் போட்டு உட்கார்ந்தார். முழங்கால் அலமாரியில் இடித்தது. மடக்கிக்கொண்டார். பின்னலைத் தொடர்ந்தார்.

ஷம்ஷாத் எட்டிப் பார்த்தாள்.

"என்ன டீச்சர், அங்க போய் உட்கார்ந்துட்டீங்க? வெயில் மூஞ்சியிலேயே அடிக்குது."

"அடிக்குது."

"இங்க எவ்வளவு இடம் கிடக்கு."

"கிடக்கு."

அறவாழி பொம்மையைப் பார்த்தார். டீச்சரைப் பார்த்தார்.

"டீச்சர், கால் இந்தப் பக்கம் இருக்கே."

"நான் காலப் பார்க்கல சார்."

"அப்போ எண்ணிக்கை?"

டீச்சர் ஜன்னல் வெயிலில் கண்ணைச் சுருக்கிக்கொண்டு எதிரே பார்த்தார். கிலூப் அவரைப் பார்த்தது.

அறவாழி பொம்மையை எடுத்துத் துணிப்பையில் போட்டுக்கொண்டார். கத்தரிக்கோலைத் திருப்பிக் கேட்கவில்லை.

"அண்ணே, அப்படியேவா கொண்டுபோறீங்க?" என்றாள் ஷம்ஷாத்.

"தெரியல."

"போங்க. நல்லபடியா நடக்கும்."

*

குழந்தைகள் அறையில் ஒரு மேசை. நீல நிறப் பிளாஸ்டிக் நாற்காலிகள். சுவரில் யானைப் படம். வாசலில் ஓர் அம்மாள் உட்கார்ந்து, வருகிறவர்களின் நேரத்தைப் பார்த்துக்கொள்வார்.

நிறைமதி முன்னமே வந்திருந்தாள். சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தாள். இரட்டைப் பின்னலில் ஒன்று அவிழத் தொடங்கியிருந்தது.

அறவாழி மேசைக்கு இந்தப் பக்கம் போனார். எப்போதும் உட்காரும் நாற்காலி. அதில் கை வைத்தார்.

எதிரே பின்னந்தலை.

அவர் நாற்காலியைத் தூக்கினார்.

"சார், எங்க கொண்டுபோறீங்க?" என்றார் வாசல் அம்மாள். "அந்தப் பக்கம் இடமே இல்ல."

"இருக்கும்மா."

இல்லைதான். சுவருக்கும் மேசைக்கும் நடுவில் ஒரு நாற்காலி பாதிதான் போயிற்று. அவர் பக்கவாட்டில் நுழைந்து உட்கார்ந்தார். முழங்கால் சுவரில் இடித்தது. தோள் மகளின் தோளுக்கு ஒரு விரற்கடைத் தூரத்தில் இருந்தது.

நிறைமதி கொஞ்சம் நகர்ந்தாள். போவதற்கு அவளுக்கும் இடமில்லை.

சாப்பிட்டியா என்ற கேள்வி வாய்வரை வந்தது. அவர் அதை விழுங்கினார்.

டேப்லெட்டைப் பார்த்தார். நான்கு மாதத்தில் இன்றுதான் அதன் முகத்தைப் பார்க்கிறார்.

ஊதா வானம். அந்தரத்தில் தொங்கும் பாறைகள். ஒரு பாறையில் கிலூப் நின்றது. நடந்தது. விளிம்பு வந்ததும் கால் தவறிப் பள்ளத்தில் விழுந்தது. 'ப்ளூப்' என்று ஒரு சத்தம்.

மறுபடி நின்றது. நடந்தது. விழுந்தது.

மறுபடி.

மறுபடி.

அவள் இடக்கையால் ஒரு மூலையையும் வலக்கையால் இன்னொரு மூலையையும் அழுத்தினாள். நடுவில் ஒரு பொத்தான் இருந்தது. அதற்கு எட்டுவதற்கு மூக்கைக்கூட ஒரு தடவை கொண்டுபோனாள்.

அறவாழிக்குச் சிரிப்பு வந்தது. அடக்கினார். அடங்கவில்லை.

"என்ன?" என்றாள் நிறைமதி. திரும்பாமலே.

"ஒண்ணுமில்ல. மூக்கு."

"வேற எப்படி அமுக்குறது? எனக்கு ரெண்டு கைதான் இருக்கு."

"ஆமா."

கிலூப் இன்னும் இரண்டு தடவை விழுந்தது.

அவர் துணிப்பையில் கையை விட்டார். பொம்மையை எடுத்து மேசை ஓரத்தில் வைத்தார். இந்தா என்று சொல்லவில்லை. உனக்காகப் பின்னினேன் என்று சொல்லவில்லை.

நிறைமதி ஓரக்கண்ணால் பார்த்தாள். கை நின்றது. திரையில் கிலூப் தானாகப் போய்ப் பள்ளத்தில் விழுந்தது.

"கிலூப்!"

"ம்."

"எங்க வாங்கினீங்க? கடையில இது கிடைக்காதே. அம்மா தேடினாங்க."

"நான் பண்ணினது."

"பொய்."

அவர் வலது ஆள்காட்டி விரலைக் காட்டினார். நுனியில் கொக்கி ஊசி குத்திக் குத்திக் காய்த்திருந்தது. அவள் அதைத் தொட்டுப் பார்த்தாள். பொம்மையைக் கையில் எடுத்தாள். கொம்பை இழுத்தாள். பைக்குள் விரலை விட்டாள்.

"மூணு கால். கரெக்ட். பை கூட நிஜப் பை." அவள் அதை முகத்துக்கு நேரே பிடித்தாள். "தலை கோணலா இருக்கு."

பதினெட்டுச் சுற்று, ஊக்கு, சாய்வு எல்லாம் அவர் நாக்கு நுனிக்கு வந்தன.

"ஆமா," என்றார்.

அவள் பொம்மையை இப்படியும் அப்படியும் திருப்பினாள். பிறகு தன் மடியில் டேப்லெட்டுக்குப் பக்கத்தில் உட்காரவைத்தாள். கால் சுவர்ப் பக்கம் போயிற்று. கண்கள் திரைப் பக்கம் வந்தன.

"இப்ப அதுக்கும் தெரியும்," என்றாள்.

அவள் கொஞ்சம் நகர்ந்தாள். இந்தத் தடவை இவர் பக்கம். டேப்லெட்டின் ஒரு முனையை அவர் மடியில் வைத்தாள்.

"அந்த நடுப் பொத்தான் உங்களுது. குதிக்கிறதுக்கு. நான் சொல்லும்போது அமுக்கணும்."

"எப்போ?"

"நான் சொல்லும்போதுன்னு சொன்னேன்ல."

கிலூப் நடந்தது. விளிம்பு வந்தது.

"இப்ப!"

அவர் அழுத்தினார். 'ப்ளூப்.'

"லேட்டு."

"எத்தனை அடி நடந்ததும் அமுக்கணும்? எண்ணி வச்சுக்கிறேன்."

"எண்ணாதீங்கப்பா! பாறை ஆடும், ஒவ்வொரு தடவையும் மாறும். அதோட காலப் பாருங்க."

அவர் குனிந்து காலைப் பார்த்தார்.

"இப்ப!"

'ப்ளூப்.'

"இப்ப சீக்கிரம்."

"சாரிடா."

"சாரியெல்லாம் வேணாம். விரல மேலேயே வச்சுக்கோங்க. மூச்சு விடாதீங்க. இப்ப!"

'ப்ளூப்.'

அவள் தலையில் அடித்துக்கொண்டாள். அடித்துக்கொண்டே சிரித்தாள். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டார். எத்தனை முறை விழுந்தது என்று அவருக்குத் தெரியாது.

வாசல் அம்மாள் எழுந்து வந்தார்.

"நேரம் ஆச்சும்மா. அம்மா வெளிய நிக்கிறாங்க."

நிறைமதி நிமிரவில்லை.

"இருங்க ஆன்ட்டி. அப்பாவுக்கு இன்னும் குதிக்கவே தெரியல."