அருந்ததியும் எட்டு ஸ்டாப் ஃபில்டரும்

கும்பகோணத்தில் கல்யாண வீடியோ எடுக்கும் மகாலிங்கத்துக்குப் புது லென்ஸ் வந்த நாளிலிருந்து, உதவியாளர் செண்பகவல்லிக்கு நிம்மதி போயிற்று, பாவம். முழுசாகத் திறந்தால் வெளிச்சத்தை அள்ளிக் குடிக்கிற லென்ஸ் அது.

ஒரு கல்யாணத்தில் தாலி கட்டி முடிந்து, அருந்ததி பார்க்கப் பெண்ணையும் மாப்பிள்ளையையும் உச்சிவெயிலில் வாசலுக்கு அழைத்து வந்தார்கள்.

"லென்ஸை முழுசாத் திறந்துதான் எடுப்பேன். பொண்ணு முகம் பளிச்சுன்னு வரணும். வரலேன்னா நாளையிலேர்ந்து வேலைக்கு வராதே," என்றார் மகாலிங்கம்.

"அப்படின்னா வெளிச்சத்தைக் குறைக்க எட்டு ஸ்டாப் ஃபில்டர் போடணும் சார். மூணு ஸ்டாப் இந்த வெயிலுக்குக் காணாது." காலையிலிருந்து இதை நாலாவது தடவையாகச் சொல்கிறாள்.

"அந்தக் கறுப்புக் கண்ணாடியா? என் லென்ஸ் முன்னாடி கரிச்சட்டியைக் கவுக்கச் சொல்றியா? மூணையே மாட்டு."

மாட்டினாள். ஐயர் வானத்தைக் காட்டி, "அருந்ததி தெரியறதா?" என்றார். பட்டப்பகலில் நட்சத்திரம் எங்கே தெரியும்? "தெரியுது" என்று எல்லோரும் பக்தியோடு தலையாட்டினார்கள்.

பெண்ணின் அப்பா கேமரா திரையை எட்டிப் பார்த்தார். ஒரே வெள்ளை. "பொண்ணு எங்கேங்க?"

மகாலிங்கம் செண்பகவல்லியை முறைத்தார். "நல்லாப் பாத்துச் சொல்லு. பொண்ணு தெரியுதுல்ல?"

"தெரியுது சார்," என்று கைகூப்பினாள் அவள். "அருந்ததி தெரிஞ்ச மாதிரியே தெரியுது."

ஐயரே சிரித்துவிட்டார். "அருந்ததி எங்கே போயிடப் போறா? இன்னொரு தரம் பாத்துட்டாப் போச்சு."

மகாலிங்கம் எட்டு ஸ்டாப் ஃபில்டருக்குக் கை நீட்டினார். சாமி புண்ணியத்தில் பெண் முகம் பளிச்சென்று விழுந்தது. அருந்ததி மட்டும் வழக்கம்போலத்தான்.