இளவரசனை அடித்தவளின் செருப்பு

ரொம்ப ரொம்ப காலத்துக்கு முன்னால், செருப்புப் போட்டவர்களைவிடப் போடாதவர்களே அதிகமாக இருந்த நாளில், தேன்மலை நாட்டை வச்சிரபாகு என்று ஒரு ராஜா ஆண்டு வந்தார். நல்ல மனுஷர்தான். ஆனால் வாயில் வந்ததை வந்த வேகத்திலேயே முரசடித்துவிடுவார். காலையில், "இனி யாரும் புளி கரைக்கக் கூடாது!" என்பார். மத்தியானம் ரசம் இல்லாமல் தவித்துப்போய் அவரே அதை மாற்றுவார்.

அந்த அரண்மனை வாசலில் செருப்புக்குக் காவல் இருந்தவள் பூவாயி. உள்ளே போகிறவர்கள் உதறிவிட்டுப் போவதை ஜோடி ஜோடியாக வரிசை வைப்பாள். செருப்பின் அடியைப் பார்த்தே ஆளின் நடையைச் சொல்லிவிடுவாள்.

ராணியின் பிறந்தநாளுக்கு ஊருக்கே விருந்து. இளவரசன் சுந்தரபாகு ஒரு முழு அதிரசத்தை அப்படியே வாயில் திணித்தான். அது தொண்டையில் போய் உட்கார்ந்துகொண்டது. கண் பிதுங்கி, முகம் கத்தரிக்காய் நிறமாகிவிட்டது. மந்திரிகள் விசிறினார்கள். வைத்தியர் ஓலைச்சுவடியைப் புரட்டினார். அடுத்த பந்தியிலிருந்து ஒரு பெண் ஓடிவந்து, எச்சில் கையாலேயே அவன் முதுகில் படார் படார் என்று நாலு வைத்தாள். அதிரசம் பறந்துபோய் வைத்தியர் மடியில் விழுந்தது.

இளவரசனுக்கு மூச்சு வந்தது. அவளுக்குத்தான் மூச்சு நின்றது. "ஐயையோ, ராஜா வீட்டுப் பிள்ளையை அடிச்சிட்டேனே!" எடுத்தாள் ஓட்டம். வாசலில் ஒரு செருப்புதான் காலில் மாட்டியது. மற்றது கிடந்துவிட்டது. கூட்டம் முண்டியடித்ததில் பூவாயிக்கு அவள் முகம் தெரியவில்லை.

ராஜா அந்த ஒற்றைச் செருப்பைத் தூக்கிப் பிடித்தார். "இது யார் காலுக்குச் சரியாக இருக்கிறதோ, அவளே என் மருமகள்! அடிங்கடா முரசை!"

மறுநாள் நாற்பத்தேழு பெண்கள் வந்தார்கள். நாற்பத்தேழு பேருக்கும் சரியாக இருந்தது. தோல் வார் வைத்த செருப்பு, இழுத்து மாட்டினால் எந்தக் காலுக்குத்தான் சேராது?

அரண்மனை அதிகாரி பஞ்சநதம் ராஜாவின் காதருகே குனிந்தார். அவருக்குப் பூவாயியைக் கண்டால் ஆகாது. தன் செருப்பைத் தனியாகப் பட்டுத்துணியில் வைக்கச் சொன்னபோது, "எல்லாச் செருப்பும் வரிசையிலதாங்க இருக்கும்" என்று சொல்லிவிட்டவள் அவள்.

"மகாராஜா, வாசலில் இருந்தவள் தூங்கினாளா? அவளையே கேளுங்கள்!"

"ஆமாம்! பூவாயி, மூன்று நாள் தருகிறேன். செருப்புக்குச் சொந்தக்காரியைக் கொண்டு வா. இல்லையென்றால் உனக்கு இந்த வாசலும் கிடையாது, இந்த ஊரும் கிடையாது!"

பூவாயி செருப்பைக் கையில் வாங்கினாள். இடுப்பில் கைக்குழந்தை. ஊரைவிட்டு எங்கே போவாள்? கொஞ்ச நேரம் செருப்பையே திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"அப்படின்னா மூணாம் நாள் இன்னொரு விருந்து வையுங்க மகாராஜா. அதிரசம் நிறையப் போடச் சொல்லுங்க."

"எதற்கு?"

"எல்லாரும் காலைத் தேடினாங்க. நான் செருப்பைத் தேடறேன்."

மூன்றாம் நாள் ஊரே பந்தியில் உட்கார்ந்திருக்க, பூவாயி குழந்தையோடு வரிசை வரிசையாகப் பார்த்துக்கொண்டே போனாள். ஓரமாக ஒரு ஜோடி. வலது பழசு, இடது புத்தம் புதுசு. இல்லாத வீட்டுப் பெண் ஒன்று தொலைந்தால் ஒன்றுதானே தைத்துக்கொள்வாள்? பழசைத் திருப்பி அடியைப் பார்த்தாள். சிரித்துக்கொண்டாள்.

உள்ளே பஞ்சநதம் தன் மகள் கோகிலவல்லியோடு நின்றுகொண்டிருந்தார். கையில் ஒரு பழைய செருப்பு. "மகாராஜா, அடக்கத்தால் என் பெண் இத்தனை நாள் சொல்லவில்லை. இதோ அதற்கு ஜோடி!"

"பிறகென்ன! அடிங்கடா முர..."

"கொஞ்சம் பொறுங்க மகாராஜா." பூவாயி இரண்டையும் வாங்கிக் கவிழ்த்தாள். அரண்மனையில் இருந்த செருப்பு குதிகாலில் வெளிப்பக்கமாகத் தேய்ந்து வெற்றிலை மாதிரி இருந்தது. பஞ்சநதம் கொடுத்ததின் அடி துளியும் தேயவில்லை. "ஏங்கய்யா, உங்க பொண்ணு இத்தனை வருஷமா ஒத்தைக் காலாலயா நடந்துச்சு?"

பஞ்சநதம் கொடுத்ததின் மேல்பக்கத்தை விரலால் தேய்த்தாள். அடுப்புக்கரி ஒட்டிக்கொண்டு வந்தது.

"நான் அப்பவே சொன்னேனே அப்பா, அடியிலயும் தேயுங்கன்னு!" என்றாள் கோகிலவல்லி. சபை விழுந்து விழுந்து சிரித்தது.

பூவாயி வாசலில் எடுத்த ஜோடியை உயரத் தூக்கினாள். "இது யாரோடது?" பந்தியில் இருந்தவர்கள் எட்டி எட்டிப் பார்த்தார்கள். "சரி, ஆள் இல்லாத செருப்பு. நாய்க்குத் தூக்கிப் போட்டுடறேன்."

"ஐயோ அக்கா! இடது புதுசு! நேத்துதான் தைச்சேன்!"

இரண்டு கையிலும் அதிரசத்தோடு எழுந்து நின்றாள் உப்பு விற்கிறவர் மகள் மருதாயி. அவளுடைய வலது செருப்பும் அரண்மனையில் இருந்ததும் ஒரே இடத்தில், ஒரே மாதிரி தேய்ந்திருந்தன.

"நீதான் என் மருமகள்!" என்று ராஜா துள்ளினார்.

"வேணாம் மகாராஜா. அதுக்குப் பயந்துதான் ஒளிஞ்சிருந்தேன். மென்னு முழுங்கத் தெரியாத பிள்ளைக்கு வாழ்நாள் பூரா முதுகுல தட்டிக்கிட்டு இருக்க என்னால ஆகாது. என் செருப்பைக் கொடுங்க, போறேன்."

ராஜாவின் மீசை துடித்தது. "முரசடித்த வார்த்தை மாறாது!"

"மாறவே வேணாம் மகாராஜா," என்றாள் பூவாயி, குழந்தையை இடுப்பு மாற்றிக்கொண்டே. "செருப்பு யார் காலுக்குச் சரியா இருக்கோ அவ மருமகள்னுதானே முரசு? நாற்பத்தேழு பேருக்குச் சரியா இருந்துச்சு. நாற்பத்தேழு மணவறை போடச் சொல்லட்டுமா?"

இளவரசனுக்கு எதுவும் சாப்பிடாமலேயே புரை ஏறியது. ராணி மெதுவாக எழுந்தாள். "நான் எங்கம்மா வீட்டுக்குக் கிளம்பறேன்."

ராஜா பூவாயியைப் பார்த்தார், ராணியைப் பார்த்தார். பிறகு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "தோற்றேன் தாயே! இனி என் உத்தரவு எதுவும் முதலில் உன் காதுக்கு வரட்டும், பிறகு முரசுக்குப் போகட்டும். இன்று முதல் நீ என் மந்திரி. பஞ்சநதம், நீர் ஒரு மாதம் இந்தக் கரிபூசிய செருப்பைப் போட்டுக்கொண்டுதான் சபைக்கு வர வேண்டும்!"

பாதிப் பாதம் வெளியே தொங்க, பஞ்சநதம் நொண்டிக்கொண்டே போனார். மருதாயி இரண்டு பழசும் ஒரு புதுசுமாக மூன்று செருப்போடு வீட்டுக்குப் போனாள்.

மறுநாள் விடிந்ததுமே ராஜா மந்திரியைக் கூப்பிட்டார். "பூவாயி, இனி ஊரில் காக்காய் கத்தக் கூடாது என்று..."

"பலகாரம் சாப்பிட்டீங்களா மகாராஜா?"

"இன்னும் இல்லை."

"சாப்பிட்டுட்டு வாங்க, பேசுவோம்."

ராஜா சாப்பிடப் போனார். திரும்பி வந்தபோது என்ன சொல்ல வந்தோம் என்பதே அவருக்கு ஞாபகம் இல்லை.