நாடு சுற்றிப் பார்த்த சுவடி

முன்னொரு காலத்தில் வேங்கை நாட்டை வீரகேது என்று ஒரு ராஜா ஆண்டுவந்தார். ஆண்டுவந்தார் என்று ஒரு பேச்சுக்குச் சொல்கிறேன். காலையில் அவருக்கு ஒன்று தோன்றும், மத்தியானம் வேறொன்று தோன்றும், நடுவில் மாட்டிக்கொண்டு ஜனங்கள் படாதபாடு படுவார்கள். தன் நாட்டில் எங்கே மலை, எங்கே ஆறு, எந்த மண்ணில் எது விளையும் என்று தனக்கே தெரியாது என்பது ஒருநாள் அவருக்கு உறைத்தது. அவைப் பண்டிதர் சோணாசலத்தைக் கூப்பிட்டு, நாடு முழுக்க நடந்து பார்த்து ஒரு சுவடி எழுதச் சொன்னார்.

பண்டிதர் எழுதினார். நடக்கத்தான் இல்லை. ஊஞ்சலில் சாய்ந்துகொண்டு, வெற்றிலை மென்றுகொண்டு, ஆறு மலையெல்லாம் தன் இஷ்டத்துக்குப் போட்டு முடித்தார்.

ஆத்தங்குறிச்சியில் பொம்மக்கா என்று ஒருத்தி இருந்தாள். வீடோ கிணறோ, எதற்கும் மண் பார்த்துச் சொல்வது அவள் தொழில். முழ ஆழத்துக்குக் குழி தோண்டுவாள். தோண்டிய மண்ணைத் திரும்பக் குழியில் போட்டு மிதிப்பாள். மண் மிஞ்சினால் நல்ல பூமி, சரியாக இருந்தால் பரவாயில்லை, குறைந்தால் அங்கே எதுவும் வேண்டாம். அரண்மனைக் குளத்துக்கு இடம் பார்த்தவளும் அவள்தான். ராஜா அவளைச் சபையில் புகழ்ந்த அன்றிலிருந்து பண்டிதருக்கு வயிறு எரிந்துகொண்டிருந்தது.

அந்த வருஷம் ஆத்தங்குறிச்சியில் கிணறெல்லாம் வற்றிவிட்டது. பண்டிதருக்குக் கேட்கவா வேண்டும்! சுவடியைப் பிரித்து, வெள்ளைவெளி என்கிற இடம் கெட்டியான கரிசல், முப்போகம் விளையும், ஊரின் நாற்பது குடும்பத்தையும் அங்கே குடியேற்றலாம் என்று ராஜாவிடம் படித்துக் காட்டினார். வெள்ளிக்கிழமைக்குள் ஊரே கிளம்பவேண்டும் என்று உத்தரவாகிவிட்டது.

கேட்டதும் பொம்மக்காவுக்கு அந்த இடம் நினைவுக்கு வந்தது. சின்னப் பெண்ணாக இருந்தபோது, தப்பிப்போன பசுவைத் தேடி ஒரு உச்சிவெயிலில் அவள் அந்த வெளிக்குப் போயிருக்கிறாள். காக்கை குருவி கிடையாது. எறும்புகூடக் கிடையாது. தரையில் இருந்த வெடிப்புகளில் குளிர்ந்த காற்று வருவதும் உள்ளே போவதுமாக இருந்தது, தூங்குகிற ஒருவர் மூச்சு விடுவதுபோல. "செவலை, செவலை" என்று பசுவைக் கூப்பிட்டாள். அந்தக் குரல் எதிரொலிக்கவில்லை. காலுக்கு அடியில் இறங்கி எங்கோ போய்க்கொண்டே இருந்தது. செவலையும் திரும்பவில்லை. அங்கேயா தன் ஊரை அனுப்புவது?

நேரே சபைக்குப் போனாள். குழி போட்டுப் பார்த்தீர்களா என்று பண்டிதரைக் கேட்டாள். பார்க்காமலா எழுதுவேன், மூன்று கூடை மண் மிஞ்சியது என்றார் அவர், மீசையைத் தடவிக்கொண்டு.

பொம்மக்கா ராஜாவைப் பார்த்துச் சொன்னாள்: "மகாராஜா, முழக் குழியில் தோண்டினால் மொத்தமே ஒரு கூடை மண்தான் வரும். எத்தனை நல்ல பூமியானாலும் இரண்டு கைப்பிடிதான் மிஞ்சும். வெள்ளைவெளி ஊர் வைக்கிற பூமி இல்லை."

சபை சிரித்தது. ராஜாவுக்கோ வேடிக்கை பார்க்கத் தோன்றிவிட்டது. நாளைக்கு உச்சிப்பொழுதில் எல்லோரும் வெள்ளைவெளிக்குப் போவோம், இவள் சொல்வது பொய்யானால் அங்கே முதல் குடிசை இவளுடையது என்றார்.

போனார்கள். வெளியின் ஓரத்திலேயே பட்டத்து யானை நின்றுவிட்டது. தும்பிக்கையால் தரையைத் தட்டிப் பார்த்தது, பின்வாங்கியது. பாகன் எவ்வளவு குத்தியும் அசையவில்லை. 

பொம்மக்கா பார்த்துப் பார்த்துக் காலெடுத்து வைத்து ஓரிடத்தில் குழி தோண்டினாள். முழ ஆழம் போனதும் கடப்பாரை நழுவி உள்ளே போயே போய்விட்டது. ஜில்லென்று காற்று மேலே வந்தது. தோண்டிய மண்ணைத் திரும்பக் கொட்டச் சொல்லிப் பண்டிதர் கையில் கூடையைக் கொடுத்தாள். கொட்டினார். குழி நிறையவில்லை. சுற்றிலும் வாரிக் கொட்டினார். அப்போதும் நிறையவில்லை, வாய் அகலமானதுதான் மிச்சம். மண் விழுகிற சத்தம் நிற்காமல் கீழே போய்க்கொண்டே இருந்து, கடைசியில் எங்கோ ஆழத்தில் தண்ணீரில் விழுந்தது. பண்டிதர் ராஜாவின் காலில் விழுந்தார். இந்தப் பக்கமே நான் வந்ததில்லை மகாராஜா என்று அழுதுவிட்டார்.

ராஜாவுக்கும் உள்ளூரப் பயம்தான். காட்டிக்கொள்ளாமல் பொம்மக்காவைப் பார்த்து, அப்படியானால் உன் ஊர் தண்ணீருக்கு என்ன செய்யும் என்று கேட்டார்.

"எங்கள் ஊர்ப் பேரில் ஆறு இருக்கிறது, ஊரில் இல்லை. அது இங்கேதான் பூமிக்கு அடியில் படுத்திருக்கிறது, மகாராஜா. எங்கள் கிணற்றுப் பாறையை இன்னும் இரண்டு ஆள் ஆழம் வெட்ட ஆள் கொடுங்கள். இந்த ஆறுதான் அங்கே வருகிறது என்று தெரிய அடையாளமாக எதையாவது குழியில் போடவேண்டும். பண்டிதர் சுவடியைக் கொடுங்கள். அதுவும் ஒருமுறை நாட்டைச் சுற்றிப் பார்க்கட்டும்."

ராஜா விழுந்து விழுந்து சிரித்தார். தன் கையாலேயே சுவடியைக் குழிக்குள் போட்டார். அது விழுந்த சத்தம் வர வெகுநேரம் ஆயிற்று.

ஒன்பதாம் நாள், ராஜாவும் பண்டிதரும் வந்து பார்த்துக்கொண்டிருக்க, ஆத்தங்குறிச்சிக் கிணற்றில் பாறை உடைந்தது. முதலில் குளிர்ந்த காற்று வந்தது, பிறகு தண்ணீர். வெட்டியவர்கள் கயிற்றைப் பிடித்து மேலே வந்து சேர்வதற்குள் அரைக் கிணறு நிறைந்துவிட்டது. அதன் மேல் சுவடி மிதந்து வந்தது. ராஜாவே வாங்கிப் பிரித்துப் பார்த்தார். மையெல்லாம் கரைந்துபோய் ஓர் எழுத்துகூடத் தெரியவில்லை.

இனிமேல் பொம்மக்கா நாட்டைச் சுற்றிப் பார்த்துச் சொல்லவேண்டியது, பண்டிதர் கூடை சுமந்துகொண்டு பின்னாலேயே நடந்து எழுதவேண்டியது என்று ராஜா தீர்ப்புச் சொன்னார். ஜனங்கள் குலவையிட்டார்கள். பொம்மக்காவுக்குக் கண் நிறைந்துவிட்டது. ஊர் பிழைத்தது என்று கைப்பிடிச் சுவரில் சாய்ந்து தண்ணீரைப் பார்த்தாள்.

அப்போது கிணற்றுக்குள்ளிருந்து ஒரு சின்னப் பெண்ணின் குரல் ஏறி வந்தது. எல்லோருக்கும் கேட்டது. "செவலை, செவலை" என்று கூப்பிட்டது.

அதற்குப் பிறகு ஒரு மணியோசையும் கேட்டது, மாட்டின் கழுத்தில் கட்டுகிற மணி. பண்டிதர் கையில் கொடுத்திருந்த கூடையைக் கீழே போட்டுவிட்டு ராஜாவின் பின்னால் ஒளிந்துகொண்டார். பொம்மக்கா மட்டும் நகரவில்லை. அந்தத் தண்ணீரில் முதல் குடத்தை அவள்தான் மொண்டாள். ஆத்தங்குறிச்சியில் எந்த மாட்டுக்கும் இன்றுவரை செவலை என்று பேர் வைப்பதில்லை.