நூறு இறகு சேர்த்த கரடி

மழையை நம்பிப் பிழைக்கும் ஒரு காட்டில் சடையன் என்றொரு கரடிக்குட்டி இருந்தது, பிள்ளைகளே. அதற்கு ஆட்டம் என்றால் உயிர். புற்றைக் கிளறும்போதும் இடுப்பு தானாக அசையும். காற்றில் மூங்கில் வளைந்தால் அதன் கைகளும் வளையும்.

முதல் மழை விழும் நாளில் மிருகங்கள் எல்லாம் ஒரு பெரிய பாறையைச் சுற்றிக் கூடும். பாறைமேல் மயில் ஆடும். மயில் மட்டும்தான் ஆடும்.

ஓர் ஆண்டு சடையன் பாறைக்குக் கீழே சேற்றில் நின்று ஆடியது. மான்கள் கழுத்தைத் திருப்பின. குரங்குகள் மயிலை விட்டுவிட்டுக் கரடிக்குக் கை தட்டின. மயில் அதைப் பார்த்துவிட்டது.

மழை விட்டதும் மயில் இறங்கி வந்தது. "தம்பி, கால் நன்றாகப் பேசுகிறது உனக்கு."

சடையனுக்குத் தலைகால் புரியவில்லை. "அப்படியானால் நானும் பாறையில் ஏறி ஆடட்டுமா, மயிலண்ணா?"

"ஆடேன்! ஆனால் தோகை இல்லாமல் ஏறினால் நாலு பேர் சிரிக்க மாட்டார்களா? நான் உதிர்க்கும் இறகில் நூறு பொறுக்கி முதுகில் கட்டிக்கொண்டு வா. ஒன்றுகூட ஒடிந்திருக்கக் கூடாது."

அன்று முதல் சடையன் இறகு பொறுக்கியது. கொடியால் முதுகில் கட்டிக்கொண்டது. குதித்தால் இறகு ஒடியும். ஓடினால் ஒடியும். புரண்டு படுத்தாலும் ஒடியும். ஆகவே தலையில் தண்ணீர்க் குடம் வைத்தவன் போல அடிமேல் அடி வைத்து நடந்தது.

ஓடைக்கரையில் ஆடிக்கொண்டிருந்த வாலாட்டிக் குருவி கூப்பிட்டது: "ஏ சடையா, அந்தக் குப்பையை இறக்கி வைத்துவிட்டு வா. கரை காலியாகத்தானே கிடக்கிறது?"

"நான் பாறையில் ஆடப் போகிறவன். உன்னிடம் வாலைத் தவிர என்ன இருக்கிறது?"

"எனக்கு அது போதுமே!" என்று குருவி வாலை ஆட்டிக்கொண்டே போனது.

ஆறு மழைக்காலம் போயிற்று. நூறாவது இறகும் கிடைத்தது. சடையன் பாறையில் ஏறியது. காடே வாய் திறந்து பார்த்தது.

சடையன் காலைத் தூக்கியது. முழங்கால் மடங்கவில்லை. இடுப்பை அசைத்தது. இடுப்பு உலக்கை மாதிரி நின்றது. மழையில் நனைந்த இறகுகள் முதுகில் தொங்கின.

"இது ஆட வந்ததா, மழைக்கு ஒதுங்க வந்ததா?" என்று ஒரு குரங்கு கொட்டாவி விட்டது. மற்றவை கலைந்து ஓடைக்கரைப் பக்கம் போயின. அங்கே குருவி ஆடிக்கொண்டிருந்தது.

மயில் மட்டும் நின்றது. "இறகையெல்லாம் பத்திரமாகக் கொண்டுவந்துவிட்டாய். ஆட்டத்தை எங்கே தம்பி போட்டுவிட்டு வந்தாய்?"

சடையன் பாறையை விட்டு இறங்கியது. அப்போதும் இறகு ஒடிந்துவிடக் கூடாதே என்று மெல்ல மெல்லத்தான் இறங்கியது.

நீதி: ஆட ஆசை உள்ளவன் இன்றே, நிற்கிற இடத்திலேயே ஆடட்டும், பொறாமைக்காரனிடம் அனுமதி கேட்டு நிற்பவனுக்குக் கால்தான் மரத்துப் போகும்.