சுவரில் மறைந்த செம்பாய்

நெடுங்காலம் முன்னே, கடல்நீர் இன்னும் இவ்வளவு உப்புக் கரிக்காத நாளிலே, மேற்குக் கோடியில் அயர்லாந்து என்ற பச்சைத் தீவில் சின்னதாய் ஒரு துறைமுகம் இருந்தது. அதன் பெயர் நம் வாயில் நுழையாது. சின்னத்துறை என்று வைத்துக்கொள்வோமே.

குளிர்காலம் முழுக்க அந்த ஊர் கதவைச் சாத்திக்கொண்டு கிடக்கும். கோடை பிறந்தால் போதும், கலகலவென்று ஆகிவிடும். கானாங்கெளுத்தி மீன் கூட்டங்கூட்டமாகக் கரையோரம் வரும். அதன் பின்னாலேயே தேசதேசத்துக் கப்பல்களும் வரும். பிள்ளைகள் படித்துறையிலிருந்து தலைகீழாகத் தண்ணீரில் குதிப்பார்கள். வருகிறவர் போகிறவருக்கெல்லாம் பெரிய பானையில் உருளைக்கிழங்கு வெந்துகொண்டே இருக்கும். பிடில் வாசிக்க ஒருவன், அதற்கு ஆட ஒன்பது பேர். சூரியனுக்கே அங்கிருந்து வீட்டுக்குப் போக மனசு வராது.

அந்தத் துறையில் நீளமாக ஒரு அலைதாங்கிச் சுவர். பெற்ற பிள்ளைகளையெல்லாம் கடலுக்குக் கொடுத்த ஒரு சூனியக்காரி எழுப்பிய சுவர் அது. எழுப்பி முடித்து அவள் சொன்னாள்: "சுவரில் நிற்கிற கப்பல் கடலிலும் நிற்கும். சுவரில் மறைகிற கப்பல் கடலிலும் மறையும்." அதனால் வந்த கப்பல் எதுவும் தன் படத்தை அந்தச் சுவரில் தீட்டாமல் கிளம்பாது.

சுவருக்குச் சுண்ணாம்பு அடிக்கிறவள் நுவாலா. கோடைக்கு முன்னால் சுவர் முழுக்க வெள்ளை பூசுவாள். பூசும்போது தனக்குத் தானே சொல்லிக்கொள்வாள்: "படத்தைச் சுற்றிப் பூசு, படத்தின் மேல் பூசாதே." பாய்மரம், கொடி, கயிறு என்று ஒவ்வொன்றின் ஓரமாகவும் அவள் தூரிகை பூனைபோல நடந்து போகும். உலகத்துக் கப்பல்களுக்கெல்லாம் ஓரம் கட்டியவள், ஒரு கப்பலிலும் கால் வைத்ததில்லை. அதுதான் அவளுக்கு இருந்த ஒரே ஏக்கம்.

பிரெஞ்சுக் கரையிலிருந்து ஒரு கப்பல் வரும். அதன் பாய் காவி கலந்த சிவப்பு. ஊரார் அதைச் செம்பாய் என்பார்கள். அதில் எர்வான் என்றொரு வாலிபன். படம் தீட்டுவது அவன்தான். அவன் தீட்ட, இவள் பக்கத்தில் நின்று வண்ணம் குழைத்துக் கொடுப்பாள்.

முதல் கோடையில் நுவாலா கேட்டாள்: "என்னையும் ஏத்திக்கிட்டுப் போறியா?"

"அடுத்த கோடைக்கு" என்றான் எர்வான்.

இரண்டாம் கோடையில் கேட்டாள். "அடுத்த கோடைக்கு."

மூன்றாம் கோடையில் ஒரு மூட்டையே கட்டி வைத்துக்கொண்டு கேட்டாள். அவன் தலையைச் சொறிந்தான். "கப்பல் தலைவர் முகம் இன்னைக்குச் சரியில்லை. அடுத்த கோடைக்கு, நிச்சயமா."

"உங்க ஊர்ல கோடைன்னு ஒண்ணு வருமா, இல்ல பேச்சுக்குச் சொல்றதா?"

அவன் சிரித்தான். சிரித்தபடியே ஏறினான். செம்பாய் விரிந்தது, கடலுக்குள் நீண்டிருந்த நிலமுனையைத் தாண்டிப் போயிற்று.

அன்று ஊரில் துடுப்புப் பந்தயம். எல்லாரும் மறுகரையில் நின்று கத்திக்கொண்டிருந்தார்கள். சுவரடியில் நுவாலா மட்டும். காலடியில் சுண்ணாம்பு வாளி. சுவரில் அவன் தீட்டிய படம் ஈரம் காய்ந்து பளிச்சென்று இருந்தது. அந்தச் சிரிப்பு இன்னும் காதில் இருந்தது. கடலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, தூரிகையை முக்கி, படத்தின் மேல் ஒரே இழுப்பு இழுத்தாள்.

சுண்ணாம்பு ஈரமாக இருக்கும்போது கண்ணாடி மாதிரி. அடியில் இருப்பது அப்படியே தெரியும். காயக் காயத்தான் வெளுக்கும். அவளுக்கு அது தெரியாதா என்ன.

பக்கத்துக் கம்பத்தில் ஒரு நீர்க்காகம் சிறகை விரித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது. "துடைச்சுடு பெண்ணே" என்றது அது.

"உன் வேலையைப் பாரு."

"சிறகைக் காயவைக்கிறதுதான் என் வேலை. காயுறதைப் பத்தி எனக்குத் தெரியும். காஞ்சா போச்சு. கையிலதான் துணி இருக்கே."

இருந்தது. துடைக்கத்தான் போனாள். மறுகரையிலிருந்து யாரோ கூப்பிட்டார்கள். கொஞ்ச நேரம் கிடக்கட்டும், என் ஆத்திரம் கொஞ்ச நேரமாவது அங்கே இருக்கட்டும் என்று நினைத்தாள். துணியைத் தோளில் போட்டுக்கொண்டு பந்தயம் பார்க்கப் போனாள். திரும்பி வந்தபோது செம்பாய் இருந்த இடத்தில் வெறும் வெள்ளை.

அடுத்த கோடை வந்தது. போர்த்துக்கல் கப்பல் வந்தது, ஸ்பெயின் கப்பல் வந்தது, நார்வே கப்பல் வந்தது. செம்பாய் வரவில்லை. ஆனால் முனைக்கு அப்பால் கடலின் மேல் வெள்ளையாக ஒரு மூட்டம் நின்றது. வெயில் கொளுத்தினாலும் கலையாது, காற்று அடித்தாலும் நகராது. உள்ளே பாய் படபடக்கிற சத்தம் கேட்கும், ஒன்றும் தெரியாது. கப்பல்கள் அதை வளைத்துக்கொண்டு போயின. என்ன மாயமோ என்றார்கள் ஊரார். நுவாலா தலையைக் குனிந்துகொண்டாள்.

கத்தியால் சுரண்டிப் பார்த்தாள்; சுண்ணாம்போடு வண்ணமும் பொடியாக உதிர்ந்தது, பயந்து நிறுத்திவிட்டாள். உப்புநீரால் கழுவிப் பார்த்தாள், இன்னும் வெளுத்தது. அதன் மேலேயே புதிதாகக் கப்பல் தீட்டிப் பார்த்தாள். காலையில் வண்ணம் முழுவதும் தரையில் வழிந்து கிடந்தது.

அப்போதுதான் ஸ்பெயின் கப்பல் ஒன்றிலிருந்து ஒரு அம்மாள் இறங்கினாள். பெயர் கத்தெல். எர்வானைப் பெற்றவள். தலை பஞ்சாக நரைத்திருந்தது. சுவர் நெடுக ஒவ்வொரு படமாகத் தடவிக்கொண்டே நடந்து, நுவாலாவிடம் வந்து நின்றாள்.

"சுவத்துல இருந்தா கடல்லயும் இருப்பான்னு சொல்வாங்க. என் பிள்ளை கப்பல் எங்கேம்மா?"

நுவாலா அந்த வெள்ளையை முதுகால் மறைத்துக்கொண்டாள். பிறகு சொன்னாள்: "போன வருஷம் அவர் தீட்டலைங்க. அவசரமாக் கிளம்பிட்டாங்க."

"தீட்டலையா?" கத்தெல் அந்த வார்த்தையை மெல்லமாகத் திருப்பிச் சொன்னாள். "சின்ன வயசிலிருந்தே அப்படித்தான். எதையும் பாதியில விடுவான். எவ்வளவு சொல்லியிருப்பேன்." பிள்ளையைத் திட்டிக்கொண்டே அழுதாள். அழுதுகொண்டே தான் வந்த கப்பலுக்கு நடந்தாள்.

கம்பத்தில் நீர்க்காகம். "இப்ப இன்னொரு பூச்சும் பூசிட்டே" என்றது.

"நான் என்ன செய்யணும்? சுரண்டியாச்சு, கழுவியாச்சு."

"சுண்ணாம்பு காத்தைக் குடிச்சு இறுகும். இது உன் மௌனத்தைக் குடிச்சு இறுகியிருக்கு. கத்தியை வைச்சுட்டு வாயைத் திற. ஆனா என்கிட்ட இல்லை."

நுவாலா ஓடினாள். கப்பலில் ஏறும் பலகையில் ஒரு கால் வைத்திருந்த கத்தெலின் சால்வையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்து அந்த வெள்ளையின் முன்னால் நிறுத்தினாள்.

"இதுக்கு அடியில இருக்கு. நான்தான் மறைச்சேன். என்னைக் கூட்டிக்கிட்டுப் போகலைன்னு கோவம்."

கத்தெல் அவளை அடிக்கவில்லை. கேள்விதான் கேட்டாள். "ஈரமா இருக்கும்போதே தெரியுமா, காஞ்சா மறைஞ்சுடும்னு?"

"தெரியும்."

ஒரு சில்லு உதிர்ந்தது. கப்பலின் அடிப்பாகம் தெரிந்தது.

"துடைக்கத் துணி இருந்துச்சா?"

"கையிலதான் இருந்துச்சு."

இன்னொரு சில்லு. பாய்மரம் தெரிந்தது.

"அப்போ தீட்டலைன்னு ஏன் சொன்னே?"

"என் பழியை அவர் தலையில போட்டா, நான் நிம்மதியா இருக்கலாம்னு."

மிச்சமும் பொலபொலவென்று உதிர்ந்தது. சிவப்புப் பாய் வெயிலில் நின்றது. முனைக்கு அப்பால் வெள்ளை மூட்டம் கிழிந்து, அதற்குள்ளிருந்து செம்பாய் துறையைப் பார்த்து நேராக வந்தது.

ஆம், துறையைப் பார்த்து. போகிற கப்பலாக அல்ல, வருகிற கப்பலாக.

எர்வான் முதல் ஆளாகக் குதித்தான். "நுவாலா, மூட்டையை எடு. முனை தாண்டினதும் எனக்கு மனசு கேக்கலை. தலைவர் காலைப் பிடிச்சுக் கப்பலைத் திருப்பினேன். நடுவுல கண்ணாடி மாதிரி என்னமோ மறைச்சுது, அப்புறம் ஒரே வெள்ளை. கொஞ்ச நேரந்தான்." அதற்குள் கத்தெலைப் பார்த்துவிட்டான். "அம்மா? நீ எங்கே இங்கே? தலை ஏன் இப்படி நரைச்சுது?"

அவனுக்கும் நுவாலாவே சொன்னாள், ஒன்றையும் விடாமல். கேட்கக் கேட்க, மூட்டையை வாங்க நீட்டியிருந்த அவன் கை மெல்ல இறங்கியது.

கப்பல் தலைவர் தொப்பியைக் கழற்றிக்கொண்டு வந்தார். "உன் மேல எனக்குக் கோவம் இல்லம்மா. திருப்பி விட்டவளும் நீதான். ஆனா உன்னை ஏத்திக்கிட்டா என் ஆளுங்க கண்ணை மூடித் தூங்க மாட்டாங்க."

"சரிங்க" என்றாள் நுவாலா. அவள் எர்வானைப் பார்த்தாள். அவன் தரையைப் பார்த்தான்.

"நான் திரும்பினப்போ நீ கடலைப் பார்த்திருக்கலாம்" என்றான் கடைசியில்.

"பார்த்திருக்கலாம்."

மறுநாள் காற்று வாக்காக வந்தது. கயிற்றை அவிழ்க்க ஓர் ஆள் கரையில் நிற்க வேண்டும்; அங்கே நின்றவள் நுவாலா. மாலுமிகள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். கத்தெல் கப்பலில் இருந்தபடியே சொன்னாள்: "அவ அவிழ்க்கட்டும். என் பிள்ளை ஏறின கப்பல் இது. அவ கையால அவிழ்த்தா எனக்குப் பயமில்லை."

நுவாலா முடிச்சை அவிழ்த்தாள். செம்பாய் முனையைத் தாண்டுகிற வரைக்கும், தாண்டிய பிறகும், கடலைப் பார்த்தே நின்றாள். அது திரும்பவில்லை.

எர்வான் மறுபடி வந்தானா என்றால், வந்தான். கோடைதோறும் வந்தான். மனைவியோடு வந்தான், பிள்ளைகளோடு வந்தான். நுவாலாவைக் கண்டால் நலம் விசாரிப்பான். எந்தத் தேசத்துக் கப்பலும் தன் படத்தை அவள் கண் பார்வையில் விட்டுவிட்டு நிம்மதியாகப் போனது. அவள் காலத்தில் ஒரு கப்பலும் தொலையவில்லை. கயிறு அவிழ்க்க எல்லாரும் அவளைத்தான் கூப்பிட்டார்கள். ஏறச் சொல்லி யாரும் கூப்பிடவில்லை, அவளும் கேட்கவில்லை.

கப்பல் போன தடத்தைத் தண்ணீர் மூடிக்கொள்ளும் அல்லவா, என் கதையும் அப்படியே மூடிக்கொள்கிறது.