குயில் கேட்ட கூடுவரி

அந்தக் காலத்தில் பறவைகளுக்குப் பேச்சு இருந்தது. குயிலுக்குச் சொந்தக் கூடும் இருந்தது. எல்லாப் பறவைகளையும் போல அதுவும் சுள்ளி பொறுக்கி, நார் உரித்து, தன் கூட்டைத் தானே கட்டிக்கொண்டது. குயில் கட்டிய கூடு எந்தக் காற்றுக்கும் அசையாது என்று மற்றப் பறவைகள் சொல்லுமாம்.

ஆறு வளைந்து திரும்பும் இடத்தில் மருதங்கரை என்று ஒரு தோப்பு. கரை ஓரமாகவே பெரிய மருத மரங்கள் நின்றன. பறவைகள் எல்லாம் அந்த மரங்களில்தான் குடியிருந்தன. வளைவில் மோதுகிற ஆறு கரையை அரித்துக்கொண்டே இருக்கும். அதனால் அங்கே ஒரு வழக்கம் உண்டு. பனிக்காலத்தில், சுள்ளிகள் காய்ந்து உதிரும்போது, ஒவ்வொரு கூட்டுக்காரரும் ஊருக்கென்று ஒரு கட்டுச் சுள்ளியும் நாரும் கொடுக்க வேண்டும். பெரிய கூட்டுக்குப் பெரிய கட்டு, சின்னக் கூட்டுக்குச் சின்னக் கட்டு. கூடுவரி என்று அதற்குப் பெயர். நடு மரத்துப் பொந்தில் அதைச் சேர்த்து வைப்பார்கள். ஆடி வெள்ளம் வருவதற்கு முன்னால் எல்லாரும் இறங்கிக் கரை நெடுகத் தட்டி பின்னி, சேறு அப்பி, மரங்களின் வேரை மூடிவிடுவார்கள். வெள்ளம் தட்டியோடு மல்லுக்கட்டிவிட்டுப் போய்விடும். மரம் நிற்கும்.

மருதங்கரைக்கு அப்போது தலைவனாக இருந்தவன் வீரணன் என்ற குயில். கறுத்த மேனி, நிதானமான பேச்சு. அவன் மனைவி வடிவு. பக்கத்துக் கிளையில் பேச்சி என்ற காக்கை கூடு கட்டியிருந்தாள். வீரணன் அவளை அக்கா என்றுதான் கூப்பிடுவான்.

ஒரு தை மாதத்தில் மலையிலிருந்து பால்வண்ணன் வந்தான். அவன் கொக்கு. மலை உச்சியில் அரசாண்ட ராஜாளியிடம் மந்திரியாக இருந்தான். யாரையும் அதட்டாமல் மெதுவாகப் பேசுவான்.

"இனிமேல் எல்லாத் தோப்புகளின் கூடுவரியும் மலைக்கு வந்துசேர வேண்டும் என்று அரசர் சொல்லியிருக்கிறார்" என்றான். "பொந்தில் வைத்தால் கறையான் அரிக்கிறது, தீப்பிடிக்கிறது. மலையில் பாறைக்கு நடுவே பத்திரமாக இருக்கும். எந்தத் தோப்புக்கு எப்போது என்ன தேவையோ, அப்போது அதைத் திருப்பித் தருவோம்."

பேச்சிக்கு இது பிடிக்கவில்லை. "எங்க சுள்ளி எங்க பொந்துல இருக்கு. எங்க கரைக்குத்தான் வேணும். அத எதுக்கு மலைக்குத் தூக்கிட்டுப் போயி, திரும்பத் தூக்கிட்டு வரணும்?" என்று கேட்டாள்.

மற்றவர்களும் முணுமுணுத்தார்கள். ஆனால் போன வருஷம்தான் பொந்தில் கறையான் ஏறிப் பாதிச் சுள்ளி வீணாகியிருந்தது. வீரணன் யோசித்தான். அரசர் சொல்லை மறுத்துத் தோப்புக்குத் தொல்லை வாங்கிக் கொடுக்கவும் அவனுக்கு மனமில்லை.

"அக்கா, கொடுத்துப் பார்ப்போம். திரும்பி வரலைன்னா என்னைக் கேளுங்க. நான் பொறுப்பு" என்றான்.

அவன் சொன்னதற்காகத்தான் எல்லாரும் கொடுத்தார்கள்.

முதல் வருஷம் ஆனி மாதத்திலேயே சுள்ளி முழுசாகத் திரும்பி வந்தது. பேச்சிக்கே வெட்கமாகப் போயிற்று. அடுத்த வருஷம் பாதிதான் வந்தது, அதுவும் வெள்ளம் தொட்ட பிறகு. வந்ததைக் கொண்டு வளைவை மட்டும் மூடினார்கள். அதற்கடுத்த வருஷம் ஒரு நார்கூட வரவில்லை. அந்த வெள்ளத்தில் ஓரமாக நின்ற இளமரம் ஒன்று சாய்ந்து போனது. பெரிய மரங்களின் வேர் மண்ணை விட்டு வெளியே வந்து ஆற்றின்மேல் தொங்கியது. ஆனாலும் மறு தை பிறந்ததும் மலையிலிருந்து ஆள் வந்து கூடுவரியைத் தூக்கிக்கொண்டு போனான்.

சித்திரை வந்தது. வடிவு முட்டையிட்டாள். பேச்சியும் முட்டையிட்டாள். கீழே பார்த்தால் வேருக்கு நடுவே தண்ணீர் தெரிந்தது. புதிதாகச் சுள்ளி சேர்க்கலாம் என்றால் தோப்பு முழுக்கத் தளிர்த்துப் பச்சையாக நின்றது. பச்சைக் குச்சியைச் சேற்றில் வைத்தால் அழுகிவிடும்.

"நான் மலைக்குப் போய்க் கேட்டு வாங்கிட்டு வர்றேன்" என்றான் வீரணன்.

"கேட்டா கொடுப்பாங்களா?" என்றாள் வடிவு.

"நம்ம பொருளத்தானே கேக்கறோம்."

வடிவு முட்டைகளின்மேல் இன்னும் கொஞ்சம் இறகை விரித்து உட்கார்ந்துகொண்டாள். பேச்சிதான் கிளை நுனி வரைக்கும் கூடவே வந்தாள். "தம்பி, கிடைச்சாலும் சரி, கிடைக்காட்டாலும் சரி, மேகம் கறுக்கறதுக்கு முன்னாடி வந்துரு. நாலு சிறகு கூட இருந்தா ஏதாவது செய்யலாம்" என்றாள்.

"வந்துருவேன் அக்கா" என்று சொல்லிவிட்டுப் பறந்தான்.

மலையில் அவனுக்கு முன்பே பலர் காத்துக் கிடந்தார்கள். எல்லாரும் ஏதோ ஒரு தோப்பின் தலைவர்கள். ஏரிக்கரையிலிருந்து ஒருவர், உப்பங்கழியிலிருந்து ஒருவர். வீரணன் போய் உட்கார்ந்த பாறையில் கழியூர் நாரை ஒருவன் ஒற்றைக்காலில் நின்றுகொண்டிருந்தான்.

"நீங்களும் கூடுவரிக்குத்தான் வந்தீங்களா?" என்று கேட்டான் நாரை.

"ஆமாண்ணே. நீங்க எப்ப வந்தீங்க?"

"போன மழைக்கு முன்னாடி."

 நாரை அலகை உயர்த்தி உச்சியைக் காட்டினான். "அங்க பாருங்க. நம்ம சுள்ளி."

உச்சிப் பாறையின்மேல் ராஜாளியின் கூடு இருந்தது. அதைக் கூடு என்று சொல்ல முடியாது. அடுக்குமேல் அடுக்காக ஒரு குன்றுபோல எழும்பி நின்றது. கீழே வேலமுள், அதன்மேல் ஏரிக்கரை நாணல், அதற்கும் மேலே மருதங்கரைச் சுள்ளி. மருதச் சுள்ளியை வீரணனுக்குத் தூரத்திலேயே அடையாளம் தெரிந்தது. அவனே பொறுக்கிக் கொடுத்தது. அதன்மேல் ராஜாளியின் குஞ்சுகள் வெயில் காய்ந்துகொண்டிருந்தன.

பல நாள் காத்திருந்த பிறகு பால்வண்ணன் கூப்பிட்டனுப்பினான். வீரணன் எல்லாவற்றையும் சொன்னான். வேர் தொங்குவதைச் சொன்னான், கூடுகளில் முட்டை இருப்பதைச் சொன்னான். பால்வண்ணன் இடையில் குறுக்கிடாமல் கேட்டான்.

"நீங்கள் சொல்வது முழுக்க நியாயம்" என்றான். "அதை நான் மறுக்கவே மாட்டேன். ஆனால் எல்லாத் தோப்புச் சுள்ளியும் ஒன்றாகக் கலந்துவிட்டது. இதில் எது உங்களுடையது, எது அடுத்தவருடையது என்று யார் பிரிப்பது?"

"எனக்குத் தெரியும் ஐயா. அந்த மேலடுக்கு எங்களுடையது."

"இருக்கலாம். அதை உருவினால் மொத்தமும் சரியும். அரசருடைய கூடு சரிந்தால் உங்கள் தோப்பை யார் காப்பாற்றுவார்கள்?"

"முழுசும் வேண்டாம். பாதி கொடுங்கள்."

பால்வண்ணன் வருத்தமாகத் தலையை அசைத்தான்.

"வளைவை மூடுகிற அளவுக்காவது கொடுங்கள் ஐயா."

"அரசரிடம் நேரிலேயே கேளுங்கள். விடியற்காலையில் எழுந்திருப்பார். அந்தப் புளியமரத்தில் உட்கார்ந்து கேட்டால் அவர் காதில் விழும். நல்ல குரல் உங்களுக்கு" என்றான் பால்வண்ணன்.

மறுநாள் விடியற்காலையில் வீரணன் புளியமரத்தில் உட்கார்ந்து கேட்டான். "கொடு" என்று ஒரே சொல். மேலே ஓர் அசைவும் இல்லை. கொஞ்சம் சத்தமாகக் கேட்டான். இன்னும் சத்தமாகக் கேட்டான். தொண்டை கம்மியதும் நிறுத்திவிட்டுக் காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தான். ஒன்றும் வரவில்லை.

வெயில் ஏறிய பிறகு பால்வண்ணன் வந்தான். "அரசருக்கு உங்கள் குரல் பிடித்திருக்கிறது. நாளைக்கும் கேட்கச் சொன்னார்" என்றான்.

வீரணனுக்கு உடம்பெல்லாம் புல்லரித்தது. காதில் விழுந்துவிட்டது, இனி மனசில் விழ வேண்டியதுதான் என்று நினைத்தான். தினமும் கேட்டான். தினமும் அதே பதில் வந்தது. தூக்கம் போய்க் கண் இரண்டும் சிவந்துவிட்டது. அந்த வருஷம் மழை ஆடிக்குக் காத்திருக்கவில்லை. ஒருநாள் மேற்கிலிருந்து கரிய மேகங்கள் எழுந்து, மலையைத் தாண்டி, மருதங்கரை இருக்கும் பக்கமாக நகர்ந்தன.

நாரை அதைப் பார்த்துவிட்டான். "கிளம்புங்க" என்றான். "என் கழி போன வருஷமே போயிருச்சு. எனக்குத் திரும்பிப் போக ஓர் இடம் இல்ல. அதனால இங்க நிக்கறேன். உங்களுக்கு இன்னும் இருக்கு. போங்க."

வீரணன் மேகத்தைப் பார்த்தான், உச்சியைப் பார்த்தான். வெறுங்கையோடு போய் என்ன சொல்வது? நான் பொறுப்பு என்று சொன்னவன் அவன். "நாளைக்கு விடிகாலை ஒரு தடவை கேட்டுட்டுப் போயிடறேன்" என்றான்.

மேகத்தைப் பார்த்த பிறகு அவன் தங்கியது அந்த ஒரு நாள்தான்.

மறுநாளும் பதில் வராமல்தான் கிளம்பினான். மழைக்குள்ளேயே பறந்தான். மருதங்கரை வந்துவிட்டதா என்று ஆற்றின் வளைவைத் தேடினான். வளைவைக் காணவில்லை. ஆறு நேராக ஓடிக்கொண்டிருந்தது. மரங்கள் நின்ற இடத்தில் செம்மண் தண்ணீர் சுழித்துக்கொண்டு போயிற்று. ஒரே ஒரு மருத மரம் தலைகீழாக வேரைக் காட்டிக்கொண்டு கிடந்தது.

வயல் தாண்டி மேட்டில் ஒற்றை வேம்பு நின்றது. தப்பியவர்கள் அதில் ஒண்டியிருந்தார்கள். வடிவு ஒரு தாழ்ந்த கிளையில் உட்கார்ந்திருந்தாள். கூடு சரியும் வரைக்கும் விட்டு எழுந்திருக்காமல் இருந்திருக்கிறாள். உடம்பெல்லாம் சேறு தெறித்துப் புள்ளி புள்ளியாகக் காய்ந்திருந்தது. மழை கழுவியும் அது போகவில்லை.

"வடிவு" என்று கூப்பிட்டான். அவள் திரும்பவில்லை.

மேல்கிளையில் அவசரமாகக் கட்டிய கூட்டில் பேச்சி ஒற்றை முட்டையின்மேல் உட்கார்ந்திருந்தாள்.

"ரெண்டு கூடும் ஒண்ணா சரிஞ்சுது" என்றாள் பேச்சி. "சேத்துக்குள்ள துழாவினதுல இந்த ஒண்ணுதான் அகப்பட்டுது. இது யாரோடதுன்னு எனக்கும் தெரியாது, அவளுக்கும் தெரியாது."

"அக்கா, நான் கேட்டுக்கிட்டேதான் இருந்தேன். தினமும் கேட்டேன். அரசர் காதுல விழுந்துச்சு."

"கொண்டு வந்தியா?"

வீரணன் வெறும் அலகைத் தாழ்த்தினான்.

"நீ பொறுப்புன்னு சொன்னே. அதுக்காகத்தான் கொடுத்தோம்." பேச்சி எழுந்துவிட்டாள். "நீ இங்க இருக்கக் கூடாது. போ!" அவன் நகராமல் நின்றான். அவள் பாய்ந்து கொத்தினாள். மற்றக் காக்கைகளும் சேர்ந்துகொண்டன. வயலுக்கு அப்பால் வரைக்கும் விரட்டிவிட்டுத் திரும்பின. வீரணன் ஒரு தடவைகூடத் திருப்பிக் கொத்தவில்லை.

முட்டை பொரிந்தது. குஞ்சு வாயைத் திறந்து கத்தியதுமே அது தன்னுடையது இல்லை என்று பேச்சிக்குத் தெரிந்துவிட்டது. கொஞ்ச நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு இரை தேடப் போனாள்.

அடுத்த தையில் பால்வண்ணன் மறுபடியும் வந்தான். வெள்ளத்துக்காக வருத்தம் தெரிவித்தான். கூடு இருந்தவர்கள் எல்லாரும் கூடுவரி கொடுத்தார்கள். பேச்சியும் ஒரு கட்டு கொடுத்தாள். வடிவுக்குக் கூடு இல்லை. ஏன் கட்டவில்லை என்று பால்வண்ணன் கேட்டான்.

"கட்டினாத்தானே கேப்பீங்க" என்றாள் வடிவு. வெள்ளத்துக்குப் பிறகு அவள் பேசிய முதல் பேச்சு அது.

சித்திரையில் அவளுக்கு முட்டையிடும் நாள் வந்தபோது பேச்சி இரைக்குப் போயிருந்தாள். வடிவு அவள் கூட்டிலேயே இட்டுவிட்டுப் பறந்துவிட்டாள். திரும்பி வந்த பேச்சி எண்ணிப் பார்க்கவில்லை. உட்கார்ந்து அடைகாத்தாள்.

வீரணன் எந்தத் தோப்பிலும் தலை காட்டவில்லை. இலை அடர்ந்த மரமாகப் பார்த்து ஒளிந்துகொண்டான். மழைக்கு முந்தின மாதங்கள் வந்தால் மட்டும் அவனால் சும்மா இருக்க முடியாது. விடியற்காலையில் எழுந்து மலை இருக்கும் திசையைப் பார்த்துக் கேட்கத் தொடங்குவான். கேட்டுக் கேட்டுச் சொல் தேய்ந்துபோய் வெறும் ஓசைதான் மிஞ்சியது.

அன்று முதல்தான் குயில் கூடு கட்டுவதை விட்டது. அதன் முட்டையைக் காக்கை அடைகாக்கிறது, குயிலைக் கண்டால் விரட்டவும் செய்கிறது. கோடையில் விடியும்போது கேட்டுப் பாருங்கள். குயில் முதலில் மெதுவாகக் கூவும், பிறகு உரக்க, பிறகு இன்னும் உரக்க. சட்டென்று நடுவிலேயே நின்றுவிடும். மலையிலிருந்து பதில் வருகிறதா என்று அது அப்போது கேட்டுக்கொண்டிருக்கிறது.