நீள்வாலன் கொடுத்த குரல்

ஒரு காட்டில், குளக்கரை மருதமரத்தின் உச்சிக்கிளையில் நீள்வாலன் என்ற குரங்கு இருந்தது. சிறுத்தை வந்தால் அதன் கண்ணுக்குத்தான் முதலில் தெரியும். அது கத்திய உடனே, கீழே தண்ணீர் குடிக்கும் மான்கள் புதருக்குள் ஓடிவிடும்.

ஒரு மழைக்காலம் முழுவதும் அந்த மரத்தடியில் ஒரு பிக்கு தங்கியிருந்தார். தினமும் கண்ணை மூடி, "நான் நலமாக இருக்க வேண்டும். என் நண்பர் நலமாக இருக்க வேண்டும். முன்பின் அறியாதவரும், என் பகைவரும் நலமாக இருக்க வேண்டும்" என்று மெல்லச் சொல்வார். மேலிருந்து கேட்ட நீள்வாலனுக்கு எல்லாம் மனப்பாடமாகிவிட்டது. மழை நின்று பிக்கு கிளம்பிப் போன பிறகும் அது விடாமல் சொல்லி வந்தது. பகைவர் என்ற இடத்தில் மட்டும் சிறுத்தையை நினைத்து, கொஞ்சம் வேகமாகச் சொல்லி முடித்துவிடும்.

சிறுத்தை மிச்சம் வைப்பதைத் தின்று பிழைக்கும் நரி இதைக் கவனித்தது.

"அண்ணே, எல்லோரும் உங்களுக்கு ஒன்றுதானே?"

"ஒன்றுதான்."

"அப்புறம் எதற்கு மானுக்காக மட்டும் கத்துகிறீர்கள்? சிறுத்தைக்கும் வயிறு இருக்கிறதே. பேசாமல் இருப்பதுதான் சமநிலை."

நீள்வாலன் தலையைச் சொறிந்தது. நரி சொன்னது சரி போலத்தான் இருந்தது. "இனிமேல் கத்தமாட்டேன்" என்றது.

இதைக் கேள்விப்பட்ட ஒரு பெண்மான் மரத்தடிக்கு ஓடி வந்தது. "என் குட்டி காலில் முள் தைத்து நொண்டுகிறது. உன் குரல் முன்கூட்டியே வந்தால்தான் அது தப்பும்."

"உன் குட்டி நலமாக இருக்கட்டும்" என்று நீள்வாலன் கண்ணை மூடிக்கொண்டது.

"அதைக் கண்ணைத் திறந்துகொண்டு சொன்னால் என்ன?" என்று கேட்டுவிட்டு மான் போய்விட்டது.

அன்று மாலை நரி குளத்தில் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தது. அதை நோக்கி ஒரு முதலை ஓசையில்லாமல் நீந்தி வந்தது. மேலிருந்து பார்த்த நீள்வாலன், யோசிப்பதற்குள் கத்திவிட்டது. நரி பின்னால் துள்ளியது. முதலையின் வாயில் வால்மயிர் கொஞ்சம்தான் சிக்கியது.

"நல்லவேளை கத்தினீர்கள், அண்ணே" என்றது நரி.

"முதலைக்கும் வயிறு இருக்கிறதே?"

நரி வாலை நக்கிக்கொண்டே புதருக்குள் போய்விட்டது. தான் கேட்டதையே நீள்வாலன் வெகுநேரம் யோசித்துக்கொண்டிருந்தது.

மறுநாள் காலை குட்டிமான் நொண்டியபடி தண்ணீருக்கு வந்தது. உயரமான புல்லுக்குள் சிறுத்தை பதுங்கி நகர்ந்தது. நரி மரத்தடிக்கு வந்து, "அண்ணே, சமநிலை. மறந்துவிடாதீர்கள்" என்று கிசுகிசுத்தது.

"மறக்கவில்லை, தம்பி. நேற்று உனக்குக் கொடுத்த அதே குரலைத்தான் இன்று குட்டிக்கும் கொடுக்கப்போகிறேன்."

நீள்வாலன் காடு அதிரக் கத்தியது. தாய்மான் குட்டியை மூக்கால் முட்டித் தள்ளிப் புதருக்குள் சேர்த்துவிட்டது. சிறுத்தை வெறும் புல்லை முகர்ந்துவிட்டுத் திரும்பி நடந்தது.

"சிறுத்தையே, நீயும் நலமாக இரு" என்றது நீள்வாலன். இந்த முறை அதை வேகமாகச் சொல்லவில்லை.

நீதி: எல்லோரையும் சமமாக நினைப்பது என்றால் யாருக்கும் எதுவும் செய்யாமல் இருப்பது அல்ல, ஆபத்தில் இருப்பவர் யாராக இருந்தாலும் உதவுவது.